முடியாதுன்னா முடியாதுன்னு வாயைத் திறந்து சொல்லுங்க

எரிச்சல்ல எழுதறேன், முதல்லயே சொல்லிடறேன்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா சின்னதா அச்சகம் நடத்தறாங்க. ஒரு அலுவலகத்துக்கு கொட்டேஷன் அனுப்ப வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலமே மெயில்ல அனுப்பிட்டாங்க. புதன்கிழமை மதியம்தான் கடைசி நேரம். மெயில் 'சென்ட்' ஃபோல்டர்ல பத்திரமா இருக்கு. எரர் எதுவும் வரல. அவங்களும் அடுத்த வேலையைப் பார்க்கப் போயிட்டாங்க.

புதன்கிழமை சாயங்காலம் பவுன்ஸ் வந்து விழுந்தது. நேரம் முடிஞ்சதுக்கு அப்புறம்!

"என்னடா தம்பி இது, அஞ்சு நாள் கழிச்சு வந்து போகலைன்னு சொல்லுது?"ன்னு போன்ல கேட்டாங்க. நியாயமான கேள்வி. பவுன்ஸைத் திறந்து பார்த்தேன். அதுல உருப்படியா ஒரே ஒரு வரி: கனெக்ஷன் டைம்டு அவுட்.

எதிர்பக்க சர்வர் படுத்துக் கிடந்துச்சான்னு பார்த்தா, இல்ல. என் வீட்டு லைன்லேருந்து போர்ட் 25-ஐத் தட்டினேன், கண்ணியமா 220-ன்னு வரவேற்பு சொல்லுது. நான் பார்த்துக்கற ஆபீஸ் சர்வர்லேருந்து தட்டினேன், அதுக்கும் பதில் சொல்லுது. அக்காவோட மெயில் இருக்கற ஹோஸ்டிங் சர்வர்லேருந்து தட்டினா மட்டும் சத்தமே இல்ல. அந்த ஹோஸ்டிங்கோட ஐபி வரிசை முழுசையும் யாரோ ஃபயர்வால்ல 'டிராப்' போட்டு வச்சிருக்காங்க.

அந்த அலுவலகத்து அட்மினைத் தேடிப் பிடிச்சு போன் பண்ணினேன்.

"எங்களுக்கு மெயில் எல்லாம் நல்லா வருதே சார்."

"வராத மெயில் வரலைன்னு உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம் போய்ப் பார்த்தார் (நல்ல மனுஷர், இதை மனசாரச் சொல்றேன்). அவருக்கு முன்னாடி இருந்தவர் ஏதோ ஸ்பேம் தொல்லை வந்தப்ப போட்ட ரூல் அது. ஏன் போட்டார், எப்ப போட்டார்னு ஒரு குறிப்பும் இல்ல. எடுத்துட்டார். அக்காவுக்கு அந்த வேலை போனது போனதுதான்.

யாரையும் உள்ள விடக்கூடாதுன்னு ஒரு சர்வருக்கு உரிமை இல்லையான்னு கேட்டா, தாராளமா இருக்கு. ஸ்பேம் அனுப்பறவனுக்குக் கதவைத் திறந்து வைன்னு நான் சொல்லவே மாட்டேன். நான் கேக்கறது எங்க மறுக்கறீங்க, எப்படி மறுக்கறீங்கன்னு மட்டும்தான். அதுல இருக்கு ஒருத்தரோட அஞ்சு நாள்.

அது என்ன அஞ்சு நாள் கணக்கு?

இமெயிலுக்கான எஸ்எம்டிபி விதிமுறையை ஜான் போஸ்டல் 1982-ல ஆர்எஃப்சி 821-னு எழுதினார். அந்தக் காலத்துல மெஷின் படுக்கறது, லைன் அறுபடறது எல்லாம் அன்றாட சமாச்சாரம். அதனால மெயில் அனுப்பற சர்வருக்கு ஒரு பொறுமையைக் கத்துக்கொடுத்து வச்சிருக்காங்க. எதிராளி பதில் சொல்லலைன்னா அவன் படுத்திருக்கான்னு நினைச்சுக்கோ, மெயிலைக் க்யூல வை, திரும்பத் திரும்ப முயற்சி பண்ணு. இப்ப நடைமுறையில இருக்கற ஆர்எஃப்சி 5321 (2008) கைவிடறதுக்கு முன்னாடி குறைஞ்சது 4, 5 நாளாவது பாருன்னு சொல்லுது. போஸ்ட்ஃபிக்ஸ் தானா வச்சிருக்கற அளவும் 5 நாள்தான். அதோட வழக்கமான இடைவெளிகளைக் கணக்குப் போட்டா, அந்த அஞ்சு நாள்ல நூறு தடவைக்கு மேல போய்க் கதவைத் தட்டும்.

எவ்வளவு அழகான ஏற்பாடு பாருங்க. சனி ஞாயிறு முழுக்க ஒரு ஊர்ல கரண்ட் இல்லைன்னாலும் திங்கக்கிழமை மெயில் போய்ச் சேர்ந்துடும். ஒரு கடுதாசியும் தொலையாது. எனக்கு இமெயில் மேல இருக்கற பிரியத்துக்குப் பாதிக் காரணம் இந்தப் பொறுமைதான்.

ஆனா இந்த ஏற்பாட்டுல மௌனத்துக்கு ஒரே ஒரு அர்த்தம்தான்: "நான் இப்ப படுத்திருக்கேன், அப்புறம் வா." நீங்க ஃபயர்வால்ல டிராப் போடும்போது எதிர்பக்கத்துக்கிட்ட அதைத்தான் சொல்றீங்க. அது பொய். நீங்க நல்லா முழிச்சுக்கிட்டுதான் இருக்கீங்க, இந்த ஆளோட பேச விருப்பமில்ல, அவ்வளவுதான். போன் அடிச்சா எடுக்காமலே விடறதுக்கும், எடுத்து "வேண்டாங்க, வச்சிடுங்க"ன்னு சொல்றதுக்கும் எவ்வளவு வித்தியாசம்! ரெண்டாவது ஆள் கோபக்காரரா இருக்கலாம். ஆனா அவர் நம்ம நேரத்தைத் திங்கல.

இந்தக் கோபத்துல உக்காந்து ரெண்டு வர்ச்சுவல் மெஷினை ஏத்தி, ரெண்டுலயும் போஸ்ட்ஃபிக்ஸ் போட்டு, ஒண்ணுலேருந்து இன்னொண்ணுக்கு மெயில் அனுப்பிப் பார்த்தேன். வாங்கற பக்கத்துல ஒவ்வொரு விதமா மறுத்துப் பார்க்கணும். அனுப்பற பக்கத்து லாக்ல என்ன விழுதுன்னு கவனிக்கணும். உங்ககிட்ட ஒரு ஞாயித்துக்கிழமை இருந்தா நீங்களும் செஞ்சு பாருங்க, படிச்சுத் தெரிஞ்சுக்கறதைவிட நல்லா மண்டையில ஏறும்.

முதல்ல டிராப். அனுப்பற போஸ்ட்ஃபிக்ஸ் 30 நொடி காத்திருந்தது, டைம்டு அவுட், க்யூவுக்குப் போயிடுச்சு. (போஸ்ட்ஃபிக்ஸ் தன் பங்குக்கு 30 நொடின்னு கட்டுப்பாடு வச்சிருக்கு. லினக்ஸ் கெர்னல் போக்குல விட்டா ரெண்டு நிமிஷத்துக்கு மேல காத்திருக்கும்.) இந்த நேரம் முழுக்க அனுப்பறவனோட ஒரு ப்ராசஸ் சும்மா தொங்கிக்கிட்டு நிக்குது. அவன் நல்லவனா இருந்தாலும் அதே தண்டனைதான்.

அடுத்தது ஃபயர்வால்லயே 'ரிஜெக்ட்', டிசிபி ரீசெட்டோட. கனெக்ஷன் ரெஃப்யூஸ்டுன்னு பட்டுன்னு பதில் வந்தது. காத்திருப்பு இல்ல. டிராப்புக்கு இது எவ்வளவோ மேல். ஆனா மெயில் அப்பவும் க்யூலதான் உக்காந்தது. ஏன்னா சர்வர் சாஃப்ட்வேரை நிறுத்தி வச்சிருந்தாலும் இதே பதில்தான் வரும். மறுப்பா, கோளாறான்னு அனுப்பறவனால பிரிச்சுப் பார்க்க முடியாது.

மூணாவது ரகம்தான் என்னைக் கடுப்பேத்தறது. கனெக்ஷனை எடுத்துக்கிட்டு, ஒரு வார்த்தை பேசாம டக்குன்னு வெட்டி விடறது. டிசிபி ராப்பர்ல ஹோஸ்ட்ஸ் டினை ஃபைல் வச்சு மறுக்கற பழைய சர்வருங்க இப்படித்தான் செய்யும். அனுப்பறவன் லாக்ல "முதல் வரவேற்புக்குக் காத்திருந்தப்ப லைன் அறுந்துபோச்சு"ங்கற மாதிரி விழும். பாவம் அந்தப் பக்கத்து அட்மின், நெட்வொர்க்ல ஏதோ பிரச்சினைன்னு கேபிளைச் செக் பண்ணுவார், எம்டியூவை மாத்திப் பார்ப்பார், ஐஎஸ்பிக்கு டிக்கெட் போடுவார். யாரோ ஒருத்தரோட முழு நாளும் காலி.

சரி, இப்ப வாயைத் திறந்து மறுப்போம். எஸ்எம்டிபில கனெக்ஷன் வந்ததும் சர்வர்தான் முதல்ல பேசணும். வழக்கமா 220-ன்னு வரவேற்கும். மறுக்கணும்னா 220-க்குப் பதிலா 554-னு சொல்லலாம்னு ஆர்எஃப்சி 5321 அனுமதி கொடுக்குது. ஆனா சொல்லிட்டு உடனே வெட்டக்கூடாது. அனுப்பறவன் 'க்விட்' சொல்ற வரைக்கும் காத்திருக்கணும், நடுவுல அவன் வேற ஏதாவது கேட்டா 503-ன்னு சொல்லணும். மறுக்கறதுலயும் ஒரு மரியாதை! இதைப் படிச்சப்ப எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது.

5-ல ஆரம்பிக்கற பதில் நிரந்தர மறுப்பு, 4-ல ஆரம்பிக்கறது "இப்ப முடியாது, அப்புறம் வா." அப்படின்னா 554-ஐப் பார்த்ததும் பவுன்ஸ் ஆகணும்தானே? ஆகல. லாக்ல "என்னோட பேசவே மறுத்துட்டாங்க: 554"ன்னு எழுதிட்டு, மெயிலைத் திரும்ப க்யூல போட்டுடுச்சு போஸ்ட்ஃபிக்ஸ். செட்டிங் எதையாவது தெரியாம மாத்திட்டேனோன்னு மேனுவலைப் புரட்டினா, அதோட இயல்பே அதுதான். வரவேற்புலயே 5 வந்தா அந்த சர்வரை விட்டுட்டு அடுத்த எம்எக்ஸுக்குப் போகும். அடுத்தது இல்லைன்னா பின்னாடி வந்து பார்க்கும். பழைய க்யூமெயிலும் வரவேற்புல 220 இல்லைன்னா அதைத் தற்காலிகக் கோளாறாத்தான் எடுத்துக்கும்.

யோசிச்சா இதுல ஒரு நியாயம் இருக்கு. வாசல்ல ஒரு மெஷின் முகத்தைத் திருப்பிக்கிட்டா, அந்த மெஷினுக்கு என்னைப் பிடிக்கலைன்னுதான் அர்த்தம். அந்த முகவரிக்கு மெயிலே போகாதுன்னு அதுக்குள்ள முடிவு கட்டிட முடியாது. பக்கத்து எம்எக்ஸ் எடுத்துக்கலாமே.

கடைசியா, பேச விட்டு மறுத்தேன். வரவேற்பு, அறிமுகம், அனுப்பறவர் யாரு, எல்லாத்தையும் கேட்டுக்கிட்டேன். யாருக்கு மெயில்னு சொல்ற இடத்துல, அதாவது ஆர்சிபிடி கட்டத்துல, 550-ன்னு சொன்னேன். அடுத்த நொடியே பவுன்ஸ்! நான் எழுதின காரணம் வார்த்தைக்கு வார்த்தை அந்த பவுன்ஸுக்குள்ள இருந்தது. அந்த அலுவலகம் இப்படி மறுத்திருந்தா அக்கா வெள்ளிக்கிழமை சாயங்காலமே போனை எடுத்திருப்பாங்க. இல்லைன்னா வேற முகவரியிலேருந்து அனுப்பியிருப்பாங்க.

அதனால என் அபிப்பிராயம் இதுதான்: மறுக்கறதுன்னா பெறுநர் பேரைக் கேட்டதுக்கு அப்புறம் மறுங்க. போஸ்ட்ஃபிக்ஸே அப்படித்தான் செட் பண்ணித் தருது. ஐபியைப் பார்த்த உடனே பிடிக்கலைன்னாலும், ஆர்சிபிடி வரைக்கும் பொறுத்திருந்துதான் மறுக்கும். அந்த 'டிலே ரிஜெக்ட்' செட்டிங்கைச் சிலர் "நேரத்தை வீணடிக்குது"ன்னு அணைச்சு வைக்கறாங்க. தயவுசெஞ்சு அணைக்காதீங்க.

உங்களுக்கே இதுல லாபம் இருக்கு. வாசல்லயே விரட்டினா உங்க லாக்ல ஒரு ஐபி நம்பர் மட்டும்தான் இருக்கும். ஆர்சிபிடில மறுத்தா யாரு, யாருக்கு அனுப்பினாங்கன்னு பதிவாகும். "அந்தம்மா மெயில் அனுப்பினேன்னு சொல்றாங்களே, வந்துச்சா?"ன்னு மேனேஜர் கேட்டா, ரெண்டே நிமிஷத்துல பதில் சொல்லலாம். முன்னாடி சொன்ன அட்மினுக்கு அந்த வசதி இல்லாமப் போச்சே!

அதைவிடப் பெரிய விஷயம் போஸ்ட்மாஸ்டர் முகவரி. மெயில் வாங்கற எந்த டொமைனும் போஸ்ட்மாஸ்டருக்கு வர்ற மெயிலை ஏத்துக்கணும்னு விதியே இருக்கு. தப்பா மாட்டிக்கிட்டவன் முறையிட அது ஒண்ணுதான் ஜன்னல். ஃபயர்வால்ல அடிச்சா அந்த ஜன்னலும் சேர்ந்து மூடிக்குது. ஆர்சிபிடில மறுக்கறவங்க மத்த பேருக்கெல்லாம் 550 சொல்லிட்டு, போஸ்ட்மாஸ்டருக்கு மட்டும் வழி விடலாம். எங்க சர்வர்ல அப்படித்தான் இருக்கு. அதுக்கும் ஸ்பேம் வரத்தான் வருது. பரவாயில்ல, பார்த்துத் தள்ளிடறேன்.

"டிராப் போட்டா சர்வர் கண்ணுக்கே தெரியாது, பாதுகாப்பு"ன்னு ஒரு வாதம் அடிக்கடி காதுல விழுது. மெயில் சர்வருக்கு இது பொருந்தவே பொருந்தாது. உங்க எம்எக்ஸ் பதிவை நீங்களே டிஎன்எஸ்ல ஊருக்கெல்லாம் விளம்பரம் பண்ணி வச்சிருக்கீங்க. அப்புறம் யாருகிட்டேருந்து ஒளியறீங்க? பாஸ்வேர்டை மாத்தி மாத்தி முயற்சி பண்றவனை 587, 465 போர்ட்கள்ல டிராப் பண்ணுங்க, எனக்கு ஆட்சேபணையே இல்ல. அங்க உங்க ஆளுங்கதான் வரணும். ஆனா ஃபெயில்டுபேன் மாதிரி கருவியை எல்லா போர்ட்டையும் சேர்த்து அடிக்கற மாதிரி வச்சா, 25-உம் சேர்ந்து அடிபடும். ஒரே ஐபி பின்னாடி நூறு பேர் இருக்கற இடத்துல, ஒருத்தன் பண்ற சேட்டைக்கு மிச்ச பேரோட மெயிலும் நிக்கும்.

பாட்நெட் அலையலையா வந்து மோதும்போது ஒவ்வொருத்தனையும் உக்கார வச்சுப் பேர் கேட்டுக்கிட்டு இருக்க முடியுமான்னு நீங்க கேப்பீங்க. நல்ல கேள்வி. அதுக்குத்தான் வீட்சே வெனமாவோட போஸ்ட்ஃபிக்ஸ்ல 2011-லேருந்து போஸ்ட்ஸ்க்ரீன்னு ஒண்ணு இருக்கு. அதோட வேலையைப் பார்க்கறதுக்கே சந்தோஷமா இருக்கும். வரவேற்போட பாதியை மட்டும் சொல்லிட்டு 6 நொடி காத்திருக்கும். ஒழுங்கான சர்வர் முழு வரவேற்பும் முடியட்டும்னு நிக்கும். அவசரக்கார பாட் முந்திக்கிட்டுப் பேச ஆரம்பிச்சுடும், மாட்டிக்கும். மாட்டினவனை ரெண்டு விதமா கையாளலாம். 'டிராப்'னு வச்சா 521 சொல்லி அங்கேயே வெட்டும். 'என்ஃபோர்ஸ்'னு வச்சா ஆர்சிபிடி வரைக்கும் பேச விட்டு, பேரெல்லாம் குறிச்சுக்கிட்டு 550 சொல்லும். முக்கியமான சங்கதி, இந்த வேலை எல்லாத்தையும் ஒரே ஒரு சின்ன ப்ராசஸ் பண்ணிடுது. அதனால நான் என்ஃபோர்ஸ்தான் வச்சிருக்கேன். தாக்குதல் நிஜமாவே கழுத்தை நெறிக்குதுன்னா 421 சொல்லிட்டு மூடுங்க. "இப்ப முடியல, அப்புறம் வா"ங்கறதுக்குன்னே இருக்கற நம்பர் அது. அந்த நேரத்துல அதுதான் உண்மையும் கூட.

தடைப் பட்டியல்களைப் பத்தியும் கொஞ்சம் சொல்லணும். ஸ்பாம்ஹவுஸ் மாதிரி பட்டியலை வச்சு மறுக்கறது நல்ல வழிதான். ஆனா பட்டியல்னா அது உயிரோட இருக்கான்னு பார்த்துக்கணும். ஓஆர்டிபின்னு ஒரு பட்டியல் 2006 கடைசியில மூடிட்டாங்க. மூடினதுக்கு அப்புறமும் ஏகப்பட்ட சர்வருங்க அதைக் கேட்டுக்கிட்டே இருந்தது. 2008 மார்ச்ல அது எந்த ஐபியைக் கேட்டாலும் "ஆமா, பட்டியல்ல இருக்கு"ன்னு பதில் சொல்ல ஆரம்பிச்சுது. அதை நம்பின சர்வருங்க ஊர்ல இருக்கற எல்லா மெயிலையும் திருப்பி அனுப்பிச்சது.

இன்னைக்கும் அதே மாதிரி ஒரு பள்ளம் இருக்கு. ஸ்பாம்ஹவுஸை கூகுளோட 8.8.8.8 மாதிரி பொது ரிசால்வர் வழியாக் கேட்டா, அது தர்றது "இப்படிக் கேக்காதே"ங்கற அர்த்தத்துல 127.255.255.254. அதையும் "பட்டியல்ல இருக்கு"ன்னு எடுத்துக்கற மாதிரி செட் பண்ணியிருந்தா, வர்றவன் அத்தனை பேருக்கும் கதவடைப்புதான். எந்தப் பதில் வந்தா மறுக்கணும்னு நம்பரைக் குறிப்பாப் போட்டு வைங்க.

மறுக்கற வரியில என்ன எழுதறதுங்கறதும் பெரிய விஷயம். "550 ரிஜெக்டட்"னு ஒத்தை வார்த்தையில முடிக்கறதைப் பார்த்தா எனக்குப் பத்திக்கிட்டு வருது. ஒரு வரிக்கு 512 பைட் இடம் தந்திருக்காங்க, அதைப் பயன்படுத்துங்க. எந்த ஐபி, எந்தப் பட்டியல், எங்க போய்ப் பார்க்கணும், யாரைக் கேக்கணும், எல்லாத்தையும் எழுதலாம். நுணுக்கமான எண்களும் இருக்கு: 5.1.1-னா அப்படி ஒரு முகவரியே இல்ல, 5.7.1-னா கொள்கைப்படி மறுப்பு, 5.7.25-னா உங்க ஐபியோட ரிவர்ஸ் டிஎன்எஸ் சரியில்ல. ஜிமெயில்காரங்க மறுக்கற வரியைப் பாருங்க, எண்ணும் இருக்கும், விளக்கப் பக்கத்தோட சுட்டியும் இருக்கும். தமிழ்ல எழுத ஆசைதான், ஆனா சாதாரண எஸ்எம்டிபி பதில்ல ஆஸ்கி எழுத்துதான் போகும். அதனால எளிமையான இங்கிலீஷ்ல எழுதி, ஆபீஸ் லேண்ட்லைன் நம்பரையும் சேர்த்திருக்கேன். மெயில் வழியே அடைபட்டவனுக்கு "மெயில் பண்ணுங்க"ன்னு சொல்லி என்ன பிரயோஜனம்? அந்த நம்பருக்கு நிஜமாவே கூப்பிடறாங்க. போன மாசம் ஒரு காலேஜ்லேருந்து கூப்பிட்டாங்க, அவங்க ரிவர்ஸ் டிஎன்எஸ் பழைய பேர்லயே கிடந்தது. சொன்னதும் சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிட்டாங்க.

இத்தனைக்கும் மேல கொடுமையானது ஒண்ணு இருக்கு: 250 சொல்லி மெயிலை வாங்கிக்கிட்டு சத்தமில்லாமக் குப்பையில போடறது. 250 சொன்ன நொடியிலேருந்து அந்த மெயிலுக்கு நீங்க பொறுப்பு. கொண்டுபோய்ச் சேர்க்கணும், இல்லைன்னா சேர்க்க முடியலைன்னு சொல்லணும். வாங்கிக்கிட்டு அப்புறமா பவுன்ஸ் அனுப்பறதும் சரிப்படாது. ஸ்பேம்ல அனுப்புநர் முகவரி பெரும்பாலும் போலி. சம்பந்தமே இல்லாத யாரோ ஒருத்தர் பெட்டியில உங்க பவுன்ஸ் போய்க் குவியும். அதனாலதான் வாங்கறதுக்கு முன்னாடியே, லைன்ல இருக்கும்போதே மறுக்கணும்.

ரெண்டாவது எம்எக்ஸ் வச்சிருக்கறவங்க அங்கயும் இதே விதிகளைப் போடுங்க. முதல் சர்வர்ல மறுத்து, ரெண்டாவது எல்லாத்தையும் வாங்கிப் போட்டா, ஸ்பேம்காரன் நேரா ரெண்டாவதுக்குத்தான் போவான்.

மெயிலே வேண்டாத டொமைனுக்கும் அழகான வழி இருக்கு. வெப்சைட் மட்டும் இருக்கற டொமைனுக்கு எம்எக்ஸ் போடாம விட்டா, அனுப்பற சர்வர் வெப்சைட் ஐபியோட 25-ஐப் போய்த் தட்டும். அங்க ஃபயர்வால் மௌனம் காக்கும், மறுபடியும் அஞ்சு நாள். 2015-ல வந்த ஆர்எஃப்சி 7505-ல 'நல் எம்எக்ஸ்'னு ஒரு பதிவு சொல்லியிருக்காங்க. முன்னுரிமை 0, சர்வர் பேருக்குப் பதிலா வெறும் ஒரு புள்ளி. அவ்வளவுதான். இதைப் புரிஞ்ச சர்வர் யாரையும் தட்டாமலே உடனே பவுன்ஸ் பண்ணிடும். முகவரியில எழுத்துப்பிழை விட்டவருக்கு அந்த நிமிஷமே தெரிஞ்சுடும்.

மெயில் அனுப்பற சர்வர் வச்சிருக்கறவங்க ஒண்ணு செய்யலாம். போஸ்ட்ஃபிக்ஸ்ல "உங்க மெயில் இன்னும் போகல"ன்னு சொல்ற தாமத அறிவிப்பு தானா வராது, நேரத்தை நாமதான் செட் பண்ணணும். நான் 4 மணி நேரம் வச்சிருக்கேன். அக்காவோட ஹோஸ்டிங்காரங்களுக்கும் எழுதிக் கேட்டிருக்கேன்.

அப்புறம், ஃபயர்வால்ல ஒரு ஐபியை அடைக்கத்தான் வேணும்னு ஒரு நாள் வரும். அன்னைக்கு அந்த ரூல் பக்கத்துலயே ஏன்னு ஒரு வரி, எப்ப எடுக்கணும்னு ஒரு தேதி, உங்க பேர், மூணையும் எழுதி வைங்க. ஐபி கை மாறிக்கிட்டே இருக்கும். போன வருஷம் ஸ்பேம் அனுப்பினவன் காலி பண்ணிட்டுப் போன இடத்துல இந்த வருஷம் ஒரு அச்சகம் இருக்கலாம்.